கூரைக்கு வெளியே ஹாம்

ஒரு மனிதன் மரியாதையோடு செத்தான் என்று எங்கள் ஊர் கிரிண்டன்லோ ஒத்துக்கொள்ள, தலைக்கு ஆறு பவுன் ஐம்பது பென்ஸ் ஆகும். ஒரு பென்னி குறைந்தாலும் ஒத்துக்கொள்ளாது. அந்தக் காசுக்கு வெள்ளை ரொட்டி, வெண்ணெய், கடுகு, நடுவில் விரல் தடிமனுக்கு ஹாம். உப்பில் ஊறிய பன்றித்தொடையை அரை நாள் வேகவைத்து, ஆறவைத்து, வெட்டி அடுக்கியது. கல்லறையில் மண் போட்டுவிட்டு வருகிறவன் கையில் அது இருக்க வேண்டும். "அவனை ஹாம் வெச்சுப் புதைச்சாங்க" என்று சொல்லிவிட்டால் செத்தவனுக்கு வேறு சான்றிதழ் வேண்டாம். எண்பத்தேழில் எர்னி குடால் செத்தபோது முட்டை வைத்தார்கள். எர்னி போரில் பதக்கம் வாங்கியவர். பதக்கத்தை ஊர் மறந்துவிட்டது, முட்டையை மறக்கவில்லை.

நான் வியாபாரி வீட்டுப் பிள்ளை. அப்பா செஸ்டர்ஃபீல்டு சந்தையில் பீங்கான் விற்றவர். பன்னிரண்டு தட்டைக் கையில் விசிறி மாதிரி விரித்து, மேலே தூக்கிப் போட்டு, ஒன்றும் உடையாமல் பிடித்து, "நாப்பது கேக்கல, முப்பது கேக்கல, இந்தம்மா மூஞ்சிக்காக இருபது" என்று விலையை இறக்குவார். அவருக்குப் பிறகு அதே கடையில் முப்பத்தெட்டு வருடம் நான் கத்தினேன். இப்போது ஓய்வு. ஆனால் ஊரில் எவனுக்காவது எதையாவது பேசி முடிக்க வேண்டுமென்றால் "லென்னியைக் கூப்பிடு" என்பார்கள். இலவசமாக.

பிப்ரவரி முதல் வியாழக்கிழமை பக்கத்து வீட்டு வில்ஃப் பேக்‌ஷா செத்துப்போனார். எழுபத்தெட்டு வயது. குவாரியில் முப்பது வருடம், பிறகு மேய்ச்சல் நிலங்களுக்குக் கல்சுவர் கட்டிப் பதினைந்து வருடம். ஒரு காலுறையைப் போட்டார், இன்னொன்று கையில் இருந்தது, அவ்வளவுதான். அவர் பெண்டாட்டி ஏவ்ரில் கணப்புக் கம்பியால் எங்கள் பொதுச்சுவரில் மூன்று தட்டு தட்டினாள். போனேன். சனிக்கிழமை மறுபடி மூன்று தட்டு. அப்போதே போயிருக்கக் கூடாது.

அடுப்படியில் ஏவ்ரிலும் மகன் டேரனும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். டேரன் லீட்ஸில் காப்பீட்டுக் கம்பெனி வேலை. மடியில் கணினி.

"வாடா லென்னி, உட்காரு. இவன் பொட்டிக்குள்ள சாவுச் சாப்பாடு தேடறான்."

"அம்மா, பேக்வெல் போற வழியில ஒரு ஹோட்டல் இருக்கு. பார்க்கிங் இருக்கு, ஹீட்டர் இருக்கு. சைவம்கூட உண்டு."

"உங்கப்பன் சாவுக்கு எவன்டா சைவம் திங்க வரான்?"

"என் ஒய்ஃப்மா."

"அவ ரொட்டியைத் தின்னட்டும். ரொட்டி மரத்துல காய்க்கலைன்னாலும் அதுக்குக் காலில்ல." என் பக்கம் திரும்பினாள். "ஃபிளீஸ்லதான் வைக்கணும். ஹாம்தான் வைக்கணும். ரெண்டுல ஒண்ணு குறைஞ்சாலும் இவரைப் புதைக்க விடமாட்டேன். சவக்கிடங்கு ஃப்ரிட்ஜ்லயே கிடக்கட்டும்."

"அங்கிள் லென், நீங்களாவது சொல்லுங்க. அது இந்தியன் ரெஸ்டாரண்ட்."

"அது ஃபிளீஸ்," என்றாள் ஏவ்ரில்.

ஃபிளீஸ் கதையைச் சொன்னால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். எட்டு வருடம் முன்பு பியர் கம்பெனி அந்த பப்பை விற்பனைக்குப் போட்டது. ஊர்க்கூட்டம் போட்டோம். எழுபது பேர் வந்தார்கள். "ஃபிளீஸ் இந்த ஊரின் இதயம்" என்று ஒன்பது பேர் பேசினார்கள். அதில் ஆறு பேர் கிறிஸ்துமஸுக்கு மட்டும் உள்ளே வருகிறவர்கள். வசூலுக்குத் தொப்பியைச் சுற்றி விட்டதில் நூற்றுப் பதினோரு பவுனும் ஒரு ஐரிஷ் காசும் விழுந்தன. முகித் மியா ஷெஃபீல்டிலிருந்து வந்தான். வங்கதேசத்தில் சில்ஹெட் பக்கத்துக்காரன். இதயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் பணத்தைக் கட்டினான். பின்னறையைச் சாப்பாட்டுக்கடை ஆக்கினான். முன்கூடத்தைக் கிழவர்களுக்காக அப்படியே விட்டான்: கணப்பு, மூன்று மேஜை, அம்பெறியும் பலகை, ஒரே ஒரு பியர்க் குழாய். ஃபிளீஸ் என்றால் ஆட்டுரோமம்; அதற்கு அடையாளமாக வாசலில் வயிற்றில் சங்கிலி கட்டித் தொங்கும் தங்கநிற ஆட்டுப் பொம்மையையும் கழற்றவில்லை. அதற்குக் கீழே தந்தூரி என்று பலகை மாட்டினான். ஆடு தன் தலைவிதியைத் தானே குனிந்து வாசிப்பது மாதிரி இருக்கும்.

வில்ஃப் திறப்பு நாளன்றே போய்க் கணப்புக்குப் பக்கத்து மூலையில் உட்கார்ந்தார். முகித் சாப்பாட்டுப் பட்டியலை நீட்டினான். "நான் குடிக்க வந்தவன்" என்றார். எட்டு வருடம், தினம் இரண்டு பைண்ட் பியர். ஒரு அப்பளம்கூட வாயில் வைத்ததில்லை. "வாசனையை ஓசியில விடறான், அது போதும்" என்பார். முகித் அவரை சாச்சா என்று, சித்தப்பா என்கிற மாதிரி, கூப்பிடுவான். அதற்கு என்ன அர்த்தம் என்று வில்ஃப் கேட்டதுமில்லை.

சனி மூன்று மணிக்கு ஃபிளீஸின் பின்கதவு வழியாகப் போனேன். ஆலங்கட்டி மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே முகித்தும் சமையல்காரன் ஷொஃபிக்கும் இரண்டு மூட்டை வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தார்கள். அது வேகும் அண்டாவில் என்னைக் குளிப்பாட்டலாம். ஆறு மணி நேரம் கொதித்த வெங்காயம்தான் அந்தக் கடையின் எல்லாக் குழம்புக்கும் அடி; மேலே போடுகிற பெயர்தான் மாறும். இது எனக்குத் தெரியும் என்பது முகித்துக்குத் தெரியும். அதனால் என்னிடம் கொஞ்சம் மரியாதை.

"முகித், புதன்கிழமை மத்தியானம் ஐம்பது பேர். வழக்கமா அந்த நேரத்துல உன் கடையில ஈ கூட வராது. என்ன விலை சொல்றே?"

"சாச்சாவுக்கா? அவர் இடம் அது. காசு பேசாதீங்க லென் பாய்."

"காசு பேசலைன்னா நான் எதுக்கு மழையில வந்தேன்?"

"அப்ப டீ குடிக்க வந்தீங்கன்னு வெச்சுக்குங்க."

எனக்கு அப்போதே பயம் வந்தது. விலை சொல்லாதவனிடம் இறக்குவதற்கு ஒன்றும் இருக்காது. ஹாம் விஷயத்தைச் சொன்னேன். ஷொஃபிக்கின் கத்தி நின்றது.

"அது மட்டும் ஆகாது," என்றான் முகித். "ஆடு கேளுங்க, மாடு கேளுங்க, முழு வான்கோழி கேளுங்க. பன்னி இந்தக் கூரைக்குக் கீழ வராது."

"பியர் மட்டும் வருதா?"

"வருது. அதுக்குத்தான் எங்கப்பா மூணு வருஷமா எங்கிட்ட ஃபோன்ல பேசலை. ஒரு பாவத்துக்கு இந்த வீட்ல இடம் கொடுத்துட்டேன். ரெண்டாவதுக்கு நாற்காலி இல்ல, லென் பாய்."

"தட்டை நாங்க கொண்டாரோம். கத்தியும் எங்களது. உன் அடுப்பைத் தொடமாட்டோம்."

"அப்ப நான் வேலையை விட்டுடறேன்," என்றான் ஷொஃபிக், வெங்காயத்திடம் சொல்வது போல.

"பார்த்தீங்களா? இவன் போயிட்டா அண்டாவை யாரு கிண்டுவா, நீங்களா?"

தெருவைக் கடந்து ஏவ்ரிலிடம் வந்தேன். வான்கோழித் தொடையையும் ஹாம் மாதிரி உப்பில் போட்டுச் செய்கிறார்களாம், பார்த்தால் வித்தியாசம் தெரியாதாம் என்றேன்.

"வான்கோழியா? நாப்பத்தொன்பது வருஷம் என்கூட குடித்தனம் பண்ணவரை ஒரு கோழி வெச்சுப் புதைக்கச் சொல்றியா?"

"தடிமனா வெட்டினா..."

"பொய்யைத் தடிமனா வெட்டினா பெரிய பொய்யாகும். போடா."

மறுபடி தெருவைக் கடந்தேன். முகித் மாட்டிறைச்சி என்றான். திரும்பினேன். ஏவ்ரில் மாட்டிறைச்சி கல்யாணத்துக்கு என்றாள். ஞாயிறு மூன்று தடவை, திங்கள் இரண்டு தடவை. என் தொப்பி காயவே இல்லை. ஹோட்டல்காரன் செவ்வாய் காலைக்குள் முன்பணம் கேட்கிறான் என்று டேரன் என்னை வாசலில் மறித்துச் சொன்னான். ஏவ்ரில், முகித் இரண்டு பேரையும் ஒரே மூட்டையில் கட்டி ஆற்றில் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சந்தையில் எத்தனையோ பிடிவாதத்தைப் பார்த்திருக்கிறேன். அங்கே பிடிவாதம் என்பது ஒரு விலை, இன்னும் கொஞ்சம் நின்றால் இறங்கும். இவர்கள் பிடிவாதத்துக்கு அடியில் விலையே இல்லை.

திங்கள் மாலை ஏவ்ரிலின் அடுப்படியில் மூன்று தொடை ஹாம் வெந்துகொண்டிருந்தது. ஜாம் காய்ச்சும் பெரிய பாத்திரத்தில், பிரிஞ்சி இலையும் மிளகும் போட்டு. சன்னல் முழுக்க ஆவி.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "எங்க வைக்கப் போறீங்க இதை? இடமே முடிவாகலை, கறி வெந்துக்கிட்டு இருக்கு. ஊர்ல எவன் என்ன சொல்வான்னு இவ்வளவு பயமா? ஐவி ஸ்லாக் கணக்கு வெச்சிருப்பாங்கறதுக்காகவா?" ஐவிக்கு எண்பத்தெட்டு வயது. யார் சாவுக்கு என்ன வைத்தார்கள் என்பது அவளுக்கு வருடவாரியாகத் தெரியும்.

ஏவ்ரில் நுரையை எடுத்துக்கொண்டிருந்தாள். கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"வில்ஃபோட அப்பன் குவாரியில கல்லு விழுந்து செத்தான், தெரியுமில்ல. நாப்பத்தொன்பதாம் வருஷத்துல. இவருக்குப் பதினோரு வயசு. அந்தச் சாவுக்கு ஃபிளீஸ்லதான் வெச்சாங்க. என்ன வெச்சாங்கன்னு தெரியுமா?"

"தெரியாது."

"மீன் பேஸ்ட். டப்பால வர்றது. ரொட்டியில தடவி."

"ரேஷன் காலம் ஏவ்ரில். எவன் வீட்ல ஹாம் இருந்துச்சு?"

"அதைப் பள்ளிக்கூடத்துப் பசங்ககிட்டச் சொல்லு. மறுநாள்லேருந்து இவர் பேரு பேஸ்ட். குவாரிக்கு வேலைக்குப் போனார், அங்கயும் பேஸ்ட். சம்பளக் கவர்மேலயே ஒருத்தன் அப்படி எழுதினான். அன்னைக்கு அந்தக் கணப்பு மூலையில உட்கார்ந்து, கையில அந்த ரொட்டியை வெச்சுக்கிட்டு, பெரியவங்க சிரிக்கறதைக் கேட்டிருக்கார். எத்தனையோ மேஜை இருக்கு அங்க. மனுஷன் சாகற வரைக்கும் அந்த மூலையை விடலை." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கல்யாணத்தன்னைக்கு மோதிரம் போடறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு சத்தியம்தான் கேட்டார். என்னை அங்கயே ஹாம் வெச்சு அனுப்புன்னார். நான் சிரிச்சேன். அவர் சிரிக்கலை."

பாத்திரத்தின் மூடி தடதடத்தது. நான் தொப்பியை எடுத்தேன்.

ஃபிளீஸில் கூட்டம் இல்லை. ஒரு மேஜையில் கணவனும் மனைவியும் தந்தூரி ரொட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். முகித் பணப்பெட்டிக்குப் பின்னால் நின்றான். நான் விலை எதுவும் பேசவில்லை. கேட்டதை அப்படியே சொன்னேன். அவன் துண்டால் ஒரே கிளாஸை வெகுநேரம் துடைத்தான்.

"எட்டு வருஷம் என் முன்னால உட்கார்ந்தார். எங்கிட்டச் சொன்னதே இல்லையே."

"யார்கிட்டயும் சொன்னதில்லை."

"சின்னப்பையனை... எதுக்கு பாய்? மீன் பேஸ்ட்டுக்கா?"

"மீன் பேஸ்ட்டுக்குத்தான். எங்க ஊர் அப்படி."

"எங்க ஊர் மட்டும் ஒழுங்கா? எங்க தாத்தா செத்த மூணாம் நாள் சாப்பாட்டுல கறி பத்தலை. எங்கப்பா இன்னும் அதைச் சொல்லிச் சிரிச்ச தெரு வழியா பள்ளிவாசலுக்குப் போகமாட்டார், சுத்திக்கிட்டுப் போவார்." கிளாஸை வைத்தான். "உள்ள வராது. அது வராதுதான். ஆனா கார் நிறுத்தற இடம் இருக்கு. வாசப்படியிலேருந்து நாலடி. பத்திரத்துல அதுவும் ஃபிளீஸ்தான். கூரைக்கு வெளிய என்ன நடந்தாலும் எனக்குக் கண்ணு தெரியாது. அங்க ஹாம் சாப்பிட்டுட்டு, கையைக் கழுவிட்டு, உள்ள வந்து மூலையில உட்காரட்டும். டீயும் பியரும் நான் தரேன்."

"பிப்ரவரியிலயா? வெட்டவெளியிலயா?"

"இதுக்குமேல எங்கிட்ட இல்ல, லென் பாய்."

ஏவ்ரில் கேட்டுக்கொண்டே அடுப்பைத் தணித்தாள். பிறகு, "பத்திரத்துல இருக்குன்னு சொன்னானா?" என்றாள்.

"சொன்னான்."

"அப்ப அது ஃபிளீஸ்தான்."

டேரன் லீட்ஸிலிருந்து ஒரு மடக்குக் கூடாரம் வாடகைக்கு எடுத்து வந்தான். நான்கு கம்பம், வெள்ளைத் துணி. காற்று தாங்குமா என்று கேட்டேன். "மணிக்கு நாப்பது மைல் வரைக்கும் கேரண்டி" என்றான். நான் அப்பாவிடம் வளர்ந்தவன். கேரண்டி என்ற சொல்லைக் கேட்டதும் கயிறு வாங்கி வைத்திருக்க வேண்டும்.

புதன்கிழமை கல்லறையில் மண் உறைந்திருந்தது. பெட்டிமேல் கூழாங்கல் கொட்டுவது மாதிரி விழுந்தது. ஐம்பத்திரண்டு பேர் மலைச்சரிவில் இறங்கி ஃபிளீஸுக்கு வந்தோம். கூடாரத்துக்குள் இரண்டு நீள மேஜை, வெள்ளை விரிப்பு, ஏவ்ரில் விடிகாலையில் வெட்டி அடுக்கிய சாண்ட்விச் மலை. முதல் தட்டை எடுத்தபோது காற்று வந்தது. ஆலங்கட்டியும் கூட வந்தது. காற்றடிக்கிற பக்கத்துக் கம்பம் இரண்டும் தரையைவிட்டு எழும்பின. டேரன் ஒன்றைக் கட்டிப்பிடித்தான். அது அவனையும் இழுத்துக்கொண்டு ஒரு காரில் போய் முட்டியது. துணி ஹாம் மேஜைக்கு மேலே பாய்மரம் மாதிரி உப்பியது. சனங்கள் தட்டைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு ஆளுக்கொரு கட்டளை போட்டார்கள், ஒருத்தரும் கம்பத்தைத் தொடவில்லை.

"கயிறு எங்கடா?"

"கயிறு தனியா வாடகைன்னான்!"

ஏவ்ரில் மேஜைமேல் குப்புற விழுந்து இரண்டு கையாலும் சாண்ட்விச்சை அணைத்துக்கொண்டு கிடந்தாள். கறுப்புத் தொப்பி போய்விட்டது. "உள்ள கொண்டு போயிடலாம்மா" என்றான் டேரன்.

"கூடாது," என்றாள். "வாக்குக் கொடுத்திருக்கு."

அப்போது ஃபிளீஸின் கதவு திறந்தது. முகித் வெள்ளைச் சட்டையோடு ஓடிவந்தான், ஒரு கம்பத்தைப் பிடித்துத் தரையில் ஊன்றி அதன் காலடியில் தன் காலை வைத்து மிதித்தான். "ஷொஃபிக்!" என்று கத்தினான். ஷொஃபிக் ஏப்ரனோடு வந்தான். மேஜையைப் பார்த்தான், முகித்தைப் பார்த்தான், அவர்கள் பாஷையில் ஏதோ திட்டினான், பிறகு மற்றக் கம்பத்தைப் பிடித்தான். மேஜைக்கு முதுகைக் காட்டி இரண்டு பேரும் நின்றார்கள். கூடாரம் நின்றது.

நான் ஒரு கையில் சாண்ட்விச்சோடு முகித் பக்கத்தில் போனேன். "கூரைக்கு வெளியேன்னு சொன்னே. இப்ப நீயே கூரையா நிக்கறியே."

"சாப்பிட்டுட்டுச் சீக்கிரம் போங்க லென் பாய். குளிர்ல என் காது விழுந்துடும்."

ஆனால் சாவுச் சாப்பாட்டை எங்கள் ஊரில் சீக்கிரம் சாப்பிடமாட்டார்கள். ஒன்றரை மணி நேரம். எத்தனை பேரிடம் நான் "முடிங்கய்யா, அவங்க கை மரத்துப்போச்சு" என்று சொல்லியிருப்பேன். "ஆமா பாவம்" என்று சொல்லி இன்னொன்றை எடுத்தார்கள். நானும் டேரனும் மாற்றிப் பிடிக்கப் போனோம். காற்று எங்களைத் தூக்கிய தூக்கில் ஷொஃபிக் கம்பத்தை எங்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான்.

ஐவி ஸ்லாக் கடைசியில் வந்தாள். ஒரு சாண்ட்விச்சை எடுத்து, மேல்ரொட்டியைத் தூக்கி, ஹாமின் ஓரத்தில் ஆட்காட்டி விரலைப் படுக்கவைத்துப் பார்த்தாள். கூடாரமே அவள் விரலைப் பார்த்தது. மென்றாள். அவளுக்கு மெல்ல நேரமாகும்.

"நாப்பத்தொன்பதுல நான் அங்க இருந்தேன்," என்றாள். "சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தி." இன்னொரு கடி கடித்தாள். "அவங்கப்பனுக்கும் சேர்த்து வெச்சுட்டே, ஏவ்ரில்."

ஏவ்ரில் ஐவியின் தட்டில் இன்னொரு சாண்ட்விச்சை வைத்தாள். பிறகு ஆலங்கட்டியில் தொப்பியைத் தேடப் போனாள்.

கையைக் கழுவி எல்லோரும் உள்ளே போனோம். கணப்பு எரிந்தது. மூலை நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. முகித் டீ ஊற்றினான், கேட்காமலே வெங்காய பஜ்ஜி வந்தது, ஷொஃபிக் முறைத்துக்கொண்டே பருப்பு சூப் கொண்டுவந்தான். டேரனின் பெண்டாட்டி நான்கு கிண்ணம் குடித்தாள். ஏழு மணிக்குக் கூட்டம் கலைந்தது. ஏவ்ரில் கைப்பையைத் திறந்தாள்.

"பில்லைக் கொண்டா."

"பில் கிடையாது மிஸஸ் பேக்‌ஷா."

"ஓசியில அனுப்பி வெச்சாங்கன்னு ஐவி எழுதி வெச்சுக்கணுமா? அதுக்கு மீன் பேஸ்ட்டே வெச்சிருக்கலாமே. பில்லைக் கொண்டாடா."

முகித் என்னைப் பார்த்தான். ஏவ்ரிலும் என்னைப் பார்த்தாள். ஆர்டர் எழுதும் நோட்டை இழுத்து நானே எழுத ஆரம்பித்தேன். முப்பத்தெட்டு வருட வியாபாரத்தில் அப்படி ஒரு பேரத்தைப் பார்த்ததில்லை. விற்கிறவன் இறக்குகிறான், வாங்குகிறவள் ஏற்றுகிறாள். சூப்புக்கு அவன் சுழி என்றான், அவள் நாற்பது என்றாள், இருபதில் வெட்டினேன். கணப்புக் கரிக்குக் காசா என்று அவன் கோபித்துக்கொண்டான், ஐந்து போட்டேன். கடைசி வரியில் மாட்டிக்கொண்டோம். கம்பம் பிடித்ததற்கு அவள் நாற்பதுக்குக் கீழே வரமாட்டேன் என்றாள். அதற்கு மட்டும் ஒரு பென்னி வாங்கினாலும் கடையை மூடிவிடுகிறேன் என்றான் அவன். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அவள் நாற்பது பவுனை ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுக்கிறாள். நான் தெருவைக் கடந்து கொண்டுபோகிறேன். அவன் பிரிக்காமல் என்னிடமே திருப்பித் தருகிறான். மழையானாலும் வெயிலானாலும், மூட்டுவலிக்காரன் நான்தான் நடக்கிறேன். நோட்டுக் காகிதம் என் சட்டைப்பையிலேயே இருக்கிறது:

டீ, 52 பேர்: 52.00
பியர், 61 பைண்ட்: 195.20
வெங்காய பஜ்ஜி, 8 தட்டு: 36.00
பருப்பு சூப்: 20.00
கணப்புக் கரி: 5.00
ஆக மொத்தம் 308.20. ரொக்கமாக வந்தது.
கம்பம் பிடித்தது, இரண்டு ஆள், ஒன்றரை மணி நேரம்: கொடுக்கிறவள் சொல்வது 40.00, வாங்குகிறவன் சொல்வது 0.00. நிலுவை.